அம்பேல்!

தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த குட்டித் தம்பியை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். பெயர் கரடுமுரடு, காரியம் கனிவானது. அவனும் ஓடுவான், கத்துவான். பிடிபட்டாலும் அவுட் கிடையாது. ஒருத்தி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ‘அம்பேல்’ என்றால் போதும், துரத்தி வந்தவனும் அப்படியே நின்றுவிடுவான். யாராவது மண்ணைத் தட்டி, காயத்தை ஊதிவிட்டு, அவள் எழுந்த பிறகுதான் ஆட்டம் தொடரும்.

இந்தச் சட்டங்களை எந்தப் பெரியவரும் எழுதிக் கொடுக்கவில்லை. சுவிட்சர்லாந்துச் சிறுவர்கள் கோலி ஆடுவதைக் கூர்ந்து கவனித்த உளவியலாளர் ழான் பியாஜே, 1932இல் வெளியான தம் நூலில் சொன்னதும் இதைத்தான்: பெரியவர்கள் விதிக்கும் கட்டளையைவிட, பிள்ளைகள் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொள்ளும் விதியில்தான் நியாய உணர்வு வளர்கிறது.

ஆகவே, சண்டைச் சத்தம் கேட்டதும் பஞ்சாயத்துக்கு ஓடாதீர்கள். அடிதடி ஆகாதவரை பொறுத்திருங்கள். கோபித்துக்கொண்டு போனவனை அவர்களே போய்க் கூட்டிவருவார்கள். ஆள் குறைந்தால் ஆட்டம் நடக்காதே!