யாருக்காகத் தளர்த்துவது?

தம் கனவையே கடவுள் தந்த அழைப்பு என்று ஒருவர் சொன்னால், அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? ஆசையும் தூக்கத்தைக் கெடுக்கும், அழைப்பும் கெடுக்கும். இரண்டுமே ஓயாமல் உழைக்க வைக்கும். கனவைப் பின்தொடர்ந்தால் ஆண்டவர் துணைநிற்பார் என்ற பிரசங்கம் இன்று பல ஆலயங்களில் ஒலிக்கிறது. கனவு காண்பதில் குற்றமில்லை. கனவின் வசதிக்காக ஆராதனையின் நாளும் நெறியும் மாற்றப்படும்போதுதான், அங்கே வணங்கப்படுவது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஸ்காட்லாந்து ஓட்டவீரராகப் புகழ்பெற்றுப் பின்னர் போதகரான எரிக் லிடலின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு இருமுறை விடை சொன்னது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்கு மிகவும் கைவந்த ஓட்டம் 100 மீட்டர். அதன் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரியவந்தது. ஓய்வுநாளில் ஓடுவதில்லை என்று அவர் அந்தப் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டார். வேறு நாள்களில் நடந்த 200 மீட்டரில் வெண்கலமும், 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கமும் வென்றார்.

விட்டுக்கொடுத்ததற்குக் கடவுள் தந்த பரிசே அந்தத் தங்கம் என்று சொல்லிக் கதையை முடிப்பவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் ஆராதனை வெறும் கொடுக்கல் வாங்கலாகிவிடும். 400 மீட்டரில் அவர் கடைசியாக வந்திருந்தாலும் அந்த முடிவு இதே அளவு சரியானதுதான். பலன் கிடைத்ததா என்பதை வைத்து மனசாட்சியை எடைபோட முடியாது.

புகழின் உச்சியில் இருந்தபோதே, 1925இல், தாம் பிறந்த, சீனாவின் தியான்ஜின் நகருக்குத் திரும்பினார் லிடல். அங்கே ஆசிரியராகப் பணியாற்றினார். 1932இல் போதகராக அருட்பொழிவு பெற்றார். போர்க்காலத்தில், 1943இல், ஜப்பானியர் அவரை வெய்ஷியன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். முகாமிலிருந்த பிள்ளைகளுக்கு அவர் பாடம் நடத்தினார், விளையாட்டுகளை ஏற்பாடு செய்தார். ஞாயிறு மட்டும் விளையாட்டு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அதற்குப் பிறகு லிடல் ஞாயிற்றுக்கிழமையில் நடுவராகக் களத்தில் இறங்கினார்.

இதைக் கொள்கை மாற்றம் என்பது மேலோட்டமான தீர்ப்பு. பாரிஸில் நெறியைத் தளர்த்தியிருந்தால் பயன் அவருக்கு. முகாமில் தளர்த்தாமல் இருந்திருந்தால் காயம் பிள்ளைகளுக்கு. ஓய்வுநாளில் இயேசு நோயாளிகளைக் குணமாக்கிய செய்தி நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிறது. பிறர் துன்பம் குறுக்கே வரும்போது சட்டம் வழிவிடுவது ஆராதனைக்கு இழுக்கல்ல. ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனை வார்டில் நிற்கும் செவிலியர் ஆலயத்தைப் புறக்கணித்தவர் ஆகமாட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எடைபோட வேண்டும். 1941இல் கருவுற்றிருந்த மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு லிடல் சீனாவில் தங்கினார். 1945 பிப்ரவரியில் மூளைக்கட்டியால் முகாமிலேயே இறந்தபோது அவருக்கு வயது 43. மூன்றாவது மகளை அவர் பார்த்ததே இல்லை. அழைப்புக்கான விலையில் ஒரு பங்கைக் குடும்பமும் கொடுத்தது. எவ்வளவு உயர்ந்த ஊழியமானாலும் இந்தக் கணக்கைக் கடவுளின் பெயரைச் சொல்லித் தள்ளுபடி செய்ய யாருக்கும் உரிமையில்லை.

எனவே கனவுள்ளவர்கள், குறிப்பாக ஊழியக் கனவுள்ளவர்கள், தங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். என் நெறியை நான் யாருக்காகத் தளர்த்துகிறேன்? என் கனவுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? முதல் கேள்விக்கு ‘எனக்காக’ என்பதும், இரண்டாவதற்கு ‘மற்றவர்கள்’ என்பதும் விடையானால், அதை அழைப்பு என்று சொல்லாதீர்கள்.