மய்யித்துக்கு நாம் சொல்லும் சாட்சி

நம் மஹல்லாவில் நகரசபை உறுப்பினராக நீண்ட காலம் இருந்த பெரியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வஃபாத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப்பு நின்றதும் அவருடைய மூத்த மகன் முன்னே வந்து, "வாப்பா யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று வழக்கப்படி அறிவித்தார். பணக்கடன் சொல்ல எவரும் இல்லை. கடைசி ஸஃப்பிலிருந்து ஒரு வயோதிகர் மட்டும் குரல் கொடுத்தார்: "எங்கள் தெருவுக்குக் குழாய் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். போடவில்லை. நான் ஹலாலாக்கிவிட்டேன்."

சிலர் முகம் சுளித்தார்கள். நேரங்காலம் தெரியாத மனிதர் என்று முணுமுணுத்தார்கள். நமக்கோ, அன்று அந்த மய்யித்துக்கு மிகப் பெரிய உபகாரம் செய்தவர் அவரே என்று பட்டது.

மூன்றாம் நாள் இரங்கல் கூட்டம். பேசிய அனைவரும் மர்ஹூம் அவர்களைக் குறையே இல்லாதவராக்கினார்கள். ஜனாஸாவில் நின்று அவருடைய பிழைகளைப் பொறுத்தருளுமாறு ரப்பிடம் மன்றாடிய அதே வாய்கள்தாம். பிழையே செய்யாதவருக்கு எதற்காக மன்னிப்புக் கேட்டோம்?

நாயகம் (ஸல்) அவர்கள் முன் ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது மக்கள் அதைப் புகழ்ந்ததும், மற்றொன்றை இகழ்ந்ததும், இரண்டுக்கும் ‘கடமையாகிவிட்டது' என்று அவர்கள் சொன்னதும், பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகளாக நம்மைக் குறிப்பிட்டதும் ஹதீஸ் கேட்டுப் பழகிய எவருக்கும் தெரியும். அப்படியானால் மய்யித்தைப் பற்றி நாம் பேசுவது வெறும் உபசார வார்த்தையல்ல, சாட்சியம். கண்டதைச் சொல்வதுதானே சாட்சியம்? ஒருவர் செய்ததை நாம் கண்டோம். அவர் கல்பில் இருந்த இஃக்லாஸை நாம் காணவில்லை. இருந்தும் நம் மேடைகளில் செய்ததைப் பற்றிப் பேச்சு குறைவு. ‘தன்னலமற்றவர், புகழ் விரும்பாதவர்' என்று காணாத கல்பைப் பற்றிய பேச்சே அதிகம்.

இறந்தோரை ஏசக் கூடாதென்ற தடை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, அதை நாம் தளர்த்தவில்லை. வீட்டுக்குள் மறைவாகச் செய்த குற்றத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவது பாவம். ஆனால் பொது வாழ்வில் நின்றவர் பொதுவில் செய்தது அவருடைய சொந்த இரகசியமல்ல. அது மக்கள் கொடுத்த அமானத்து.

கண்ணியமிக்க காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களையே எடுத்துக்கொள்வோம். 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து 1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்த அந்தப் பெருமகனாரைப் பற்றி எத்தனை மலர்கள் வெளிவந்திருக்கின்றன! அவற்றுள் பலவும் ஓரிடத்தில் மட்டும் வேகமாக நடக்கும். நாற்பதுகளில் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவராக அவர் இருந்தார். பாகிஸ்தான் கோரிக்கை அந்தக் கட்சியின் கோரிக்கை. 1946க்குப் பின் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்ததும் அந்தக் கட்சியின் பேரிலேயே. பிரிவினைக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்ட ஏழை எளிய முஸ்லிம்கள் அதனால் எவ்வளவு சந்தேகப் பார்வைகளைச் சுமந்தார்கள் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியும். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குப் பெருமை கூடும் என்று மலர் எழுதுவோர் நினைக்கிறார்கள்.

நாம் அப்படி நினைக்கவில்லை. இதை விட்டுவிட்டால் அடுத்து அவர் செய்ததன் எடை நமக்குத் தெரியாமலே போய்விடும். 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய லீக் கவுன்சில் கட்சியை இரண்டாகப் பிரித்தபோது, இந்தியப் பகுதிக்கான பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. வசதியுள்ளவர்கள் பலர் எல்லை கடந்துகொண்டிருந்த நேரம். 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் இடத்தில் கூட்டம் நடந்தது. கட்சியே வேண்டாம், கலைத்துவிடலாம் என்றவர்களும் இருந்தார்கள். அவர் கலைக்கவில்லை, ஓடவுமில்லை. தாம் இருந்த கட்சியால் வந்த சுமையைத் தாமே இங்கிருந்து சுமந்தார்.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில், எந்தச் சமூகத்தாரும் தங்கள் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்று திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது. மறு ஆண்டு தனித் தொகுதிகளுக்காகப் பேசினார், அதுவும் தோற்றது. (தனித் தொகுதி விஷயத்தில் அவர் கருத்து சரிதானா என்பதில் நமக்கே ஐயமுண்டு.) தோற்றவர் சபையை விட்டு வெளியேறி வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. மாநிலங்களவையில் 1952 முதல் 1958 வரை இருந்தார். பிறகு கேரளத்து மஞ்சேரித் தொகுதி மக்கள், தமிழ்நாட்டுக்காரரான அவரை, 1962, 1967, 1971 என்று மூன்று முறை மக்களவைக்கு அனுப்பினார்கள். இவ்வளவுக்கும் நாம் சாட்சி சொல்லலாம். பதிவேடுகள் இருக்கின்றன.

பெயர் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் 1974இல் தொடங்கிய அரசு மகளிர் கல்லூரிக்கு அவர் பெயர். அதில் நம் பெண் மக்கள் பலர் படித்து வெளிவந்தார்கள், நல்ல காரியம். தொண்ணூறுகளில் நாகை மாவட்டமும் அவர் பெயரால் வழங்கியது. 1997இல் எல்லா மாவட்டங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியபோது அதுவும் போயிற்று. அன்று நம்மில் பலர் வருந்தினோம். மாவட்டத்தில் பெயர் இருந்த அத்தனை ஆண்டுகளில் அவருக்காக எத்தனை பேர் துஆ செய்தோம் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அவருடைய கப்ரு திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 5இல் எல்லாக் கட்சியினரும் வந்து மலர் வைக்கிறார்கள். அங்கே செல்லும் நம் வீட்டார் ஃபாத்திஹா ஓதுவதோடு, அவர் செய்ததை ஏற்றுக்கொள்ளவும், தவறியதை மன்னிக்கவும் சேர்த்தே கேட்கட்டும். கடனிருந்த மய்யித்துக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தொழுவிக்காமல் நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தம்மீது ஏற்ற பின்பே தொழுவித்ததும் நினைவிருக்கட்டும். பொது மனிதரின் கடனாளிகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அத்தனை பேரையும் தேடிப் பிடித்து வாரிசுகளால் தீர்க்க இயலாது. அந்த வயோதிகரைப்போல் நாம்தான் ஒவ்வொருவராக எழுந்து ஹலாலாக்க வேண்டியிருக்கிறது.

அந்த நகரசபை உறுப்பினரின் மகன் சும்மா இருக்கவில்லை. நாற்பது நாட்களுக்குள் சொந்தச் செலவில் அந்தத் தெருவில் அடிபம்பு ஒன்று இறக்கிவிட்டார். மேடையில் தகப்பனார் பெயரைப் பொறித்திருக்கிறார். அது வேண்டாமே என்று நாம் சொல்லிப் பார்த்தோம், அவர் கேட்கவில்லை. தண்ணீர் நன்றாக வருகிறது.