எதற்கும் உதவாத திறமை

பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் லண்டனில் மகள் வீட்டில் இருந்த மாதங்களில் ஓர் ஆங்கில நிகழ்ச்சியை மட்டும் அவர் தவறவிட்டதில்லை. பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பும் முன், பிற்பகலில், தொலைக்காட்சியில் ‘கவுண்ட்டவுன்’ வரும். எழுத்துகளை வைத்துச் சொல் அமைக்கும் சுற்று என்றால் எழுந்துபோய்த் துணி மடிப்பார். எண் சுற்றுக்கான அட்டைகள் பலகையில் ஏறத் தொடங்கியதும் மடித்த துணியைக் கையில் வைத்தபடியே வந்து நின்றுகொள்வார். நான் அங்கே விருந்தாளியாகப் போயிருந்த மூன்று வாரங்களும் அவரோடு சேர்ந்து அதைப் பார்த்தேன்.

விளையாட்டின் விதிகள் எளியவை. இரண்டு பேர் போட்டியிடுவார்கள். சொல் சுற்றில் ஒன்பது எழுத்துகள். அவற்றைக் கொண்டு ஆக நீளமான சொல்லை அமைக்க வேண்டும். எண் சுற்றில் ஆறு எண்கள். கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் பலகையில் தோன்றும் மூன்று இலக்க எண்ணை எட்ட வேண்டும். எந்த எண்ணையும் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் 30 வினாடி. பின்னால் ஒரு பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று போட்டியில் இருந்தவன் பள்ளி மாணவன். மீசை அரும்பாத முகம். முந்தைய நாட்களில் தன்னைவிட இரண்டு மூன்று மடங்கு வயதானவர்களைத் தோற்கடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். எண்கள் வந்தன: 100, 75, 10, 8, 6, 3. எட்ட வேண்டியது 623. கடிகாரம் பாதி தூரம் போவதற்குள் பெரியம்மா சொன்னார்: “அறநூறு ஆச்சு. எழுவத்தஞ்ச மூணு பங்கு வெச்சா இருவத்தஞ்சு. பத்துல எட்டுப் போனா ரெண்டு. அதைக் கழிச்சுட்டாத் தீந்துச்சு கண்ணு.” நேரம் முடிந்ததும் அந்தப் பையனும் அதையேதான் சொன்னான். அரங்கில் கைதட்டல். பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பேத்தியின் மழைச் சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதில் என்ன கதை இருக்கிறது என்று எழுதுபவருக்குத் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வயதுக்கு வந்த வருடமே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண். மேடை கிடைத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார். அங்கீகரிக்கப்படாத மேதைமை. நானும் அன்று இரவு அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கதையில் ஒரு கோளாறு இருந்தது. பெரியம்மாவின் கணக்குத் திறமையை யாரும் கவனிக்காமல் விடவில்லை. ஊரே கவனித்தது. ஊரே பயன்படுத்திக்கொண்டது.

தெருப் பெண்கள் போட்ட ஏலச்சீட்டுக்கு நாற்பது வருடம் கணக்குப் பார்த்தவர் அவர். இருபது பேர், ஆளுக்கு 500 ரூபாய், இந்த மாதம் 1,800 கழித்துக் கேட்டிருக்கிறார்கள் என்றால், ஆளுக்கு 410 கட்டினால் போதும் என்பது கேட்டவர் வாயை மூடுவதற்குள் வந்துவிடும். பெரியப்பாவின் நெல் மண்டிக் கணக்கும் அவர் தலையில்தான் இருந்தது. கல்யாண வீட்டில் எத்தனை படி அரிசி, எத்தனை இலை என்று அவரைத்தான் கேட்பார்கள். “அவளுக்குக் கம்ப்யூட்டர் மூளை” என்ற பாராட்டை நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆகவே கிடைக்காமல் போனது பாராட்டு அல்ல, வேறொன்று. அது என்னவென்று யோசித்தபோதுதான் அந்தப் பையன் வேறு விதமாகத் தெரிந்தான்.

‘கவுண்ட்டவுன்’ நிகழ்ச்சியில் வெல்பவருக்குப் பணம் கிடையாது. கிடைப்பது ஒரு தேநீர்க் கெண்டி. கடிகார வடிவில், அந்த நிகழ்ச்சிக்கென்றே செய்த கெண்டி. தொடர் முழுவதையும் வெல்பவருக்கு ஆக்ஸ்போர்டு அகராதியின் தொகுதிகளைத் தருகிற வழக்கமும் இருந்தது. 2006இல் 14 வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு தொடரையே வென்றிருக்கிறான். அவனைப் போன்ற பதின்வயதினர் இதற்கு எத்தனை நூறு மணிநேரம் பழகுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே தெரியும். 75இன் மடங்குகள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைகூடப் பேச்சில் வராத ஏழெழுத்து, எட்டெழுத்துச் சொற்கள் ஆயிரக்கணக்கில் மனப்பாடம் ஆக வேண்டும். அவற்றின் பொருள்கூடத் தெரிய வேண்டியதில்லை; அகராதியில் இருந்தால் போதும். இத்தனை உழைப்புக்கும் பயன் என்ன? ஒரு கெண்டி.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இதுதான் அந்த விளையாட்டின் அழகு. தன் மூளை ஓடும் வேகத்தைத் தானே ரசிப்பதற்காக, எதற்கும் உதவாத ஒன்றில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடக்க அந்தப் பையனுக்கு அனுமதி இருந்திருக்கிறது. அவன் அறைக்கதவைத் தட்டி, “இது எதுக்கு உதவும்?” என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத்தான் கேட்டிருப்பார்கள். பெரியம்மாவின் திறமைக்கு அந்த அனுமதி ஒருநாளும் இருந்ததில்லை. அவர் போட்ட ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் யாருக்கோ கொடுக்க வேண்டிய அரிசியோ பணமோ இருந்தது.

அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. 1982 நவம்பர் 2 அன்று பிரிட்டனில் சேனல் ஃபோர் ஒளிபரப்பைத் தொடங்கிய நாளிலேயே ‘கவுண்ட்டவுன்’ தொடங்கிவிட்டது. கணக்கு தெரிந்த பெண் தேவை என்ற பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, 21 வயது மகளின் சார்பில் அவருடைய அம்மாவே விண்ணப்பம் போட்டார். மகள் கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்த கரோல் வோர்டர்மன். தொடக்கத்தில் அவரும் லிண்டா பாரெட் என்பவரும் கணக்குகளைச் சரிபார்த்தார்கள். அவர்களுக்கு நிகழ்ச்சி வைத்த பெயர் ‘வைட்டல் ஸ்டாட்டிஸ்டிஷியன்கள்’. ‘வைட்டல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்பது ஆங்கிலப் பேச்சு வழக்கில் பெண்ணின் மார்பு, இடை, இடுப்பு அளவுகளைக் குறிப்பது. கணக்குப் போடும் பெண்ணை அறிமுகப்படுத்தக்கூட அவள் உடலைத் தொட்டுச் செல்லும் ஒரு சிலேடை தேவைப்பட்டிருக்கிறது.

வோர்டர்மன் 2008 வரை அங்கே இருந்தார். அடுத்து வந்தவர் ஆக்ஸ்போர்டில் கணிதம் படித்த ரேச்சல் ரைலி. சொற்களைப் பார்த்துச் சொல்லும் அகராதி மூலையில் 1992 முதல் சூசி டென்ட். போட்டியாளர்கள் இருவரும் எட்ட முடியாத எண்ணைப் பலகை அருகே நிற்கும் பெண் எட்டிக் காட்டுவார். போட்டியாளர்கள் ஏழெழுத்தில் நின்றால் டென்ட் எட்டெழுத்துச் சொல் ஒன்றைச் சொல்வார். அதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை. இருக்கவும் முடியாது, டென்டிடம் அகராதி இருக்கிறது, பலகைப் பெண்ணுக்குச் சில சமயம் கூடுதல் நேரம் இருக்கிறது, அது அவர்கள் வேலை. நான் சொல்ல வருவது அநீதியான மதிப்பெண் பற்றி அல்ல. மேசைக்கு முன்னால் விளையாட்டு நடக்கிறது, பலகைக்குப் பக்கத்தில் வேலை நடக்கிறது. ஒரே கணக்குதான். முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் யார், பலகைக்குப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளாக நின்றவர்கள் யார் என்பதுதான் கேள்வி. முதல் தொடரை வென்றவர் ஜாய்ஸ் கான்ஸ்ஃபீல்ட் என்ற பெண். குறுக்கெழுத்துப் புதிர்கள் அமைப்பவர். ஆகவே பெண்களால் முடியாது என்பதற்கு முதல் வருடமே பதில் வந்துவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு வந்த தொடர்களை வென்ற பெண்கள் மிகச் சிலரே. யாரும் கதவை அடைக்கவில்லை. விண்ணப்பம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அடைபட்டிருப்பது வேறெங்கோ, நூறு மணிநேரத்தை வீணாக்க அனுமதி கேட்கும் இடத்தில்.

அப்படியானால் திறமையுள்ள பெண் குழந்தையைச் சிறுவயதிலேயே மேடையேற்றிவிட்டால் தீர்ந்ததா? சகுந்தலா தேவியை நினைத்துக்கொள்கிறேன். பெங்களூரில் பிறந்தவர். தந்தை சர்க்கஸ் கலைஞர். மகளின் எண் திறமையைக் கண்டதும் சர்க்கஸை விட்டுவிட்டு அவளை வைத்து ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தினார். முறையான பள்ளிப்படிப்பு இல்லாமலே ஆறு வயதில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள் அந்தச் சிறுமி. 1980 ஜூன் 18 அன்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில், 13 இலக்க எண்கள் இரண்டை மனத்துக்குள்ளேயே பெருக்கி 28 வினாடிகளில் விடை சொன்னார். கவுண்ட்டவுன் கடிகாரம் சுற்றி முடிவதற்கு இரண்டு வினாடி முன்பாக.

உலகம் அவரை அறிந்தது, கொண்டாடியது. மேடை கிடைக்காதது அவர் பிரச்சினையே அல்ல. ஆனால் அந்த மேடை, குழந்தைப் பருவத்திலிருந்தே அவர் வீட்டின் சோறு. அவர் கணக்குப் போட்டால்தான் வீட்டில் அடுப்பெரியும். தப்பாகப் போட்டால் தேநீர்க் கெண்டி போகாது, வருமானம் போகும். பெண்ணின் திறமை மறைக்கப்படுவது ஒரு வகை அநீதி என்றால், அது கண்டுபிடிக்கப்பட்ட நொடியிலேயே கறக்கப்படுவது இன்னொரு வகை. முன்னதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பின்னதைப் பெரும்பாலும் வெற்றிக்கதை என்றே எழுதிவைத்திருக்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எதற்கும் உதவாத திறமையை வளர்த்துக்கொள்வது வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் அல்லவா? தேநீர்க்கடையில் பத்து மேசைக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஓடும் சிறுவனுக்கு மட்டும் அது கிடைக்கிறதா? கிடைக்கவில்லைதான். சாதியும் வறுமையும் ஆண் குழந்தையின் மூளையையும் கறக்கின்றன. ஆனால் அந்தச் சிறுவனின் வீட்டில் கொஞ்சம் வசதி வந்ததும் முதலில் விடுதலையாகிறவன் அவனே. கிரிக்கெட் மட்டை வருகிறது. தெருமுனையில் நின்று பேச நேரம் வருகிறது. அதே வீட்டுப் பெண் குழந்தைக்குப் படிப்பு வருகிறது. அதுவும் சில வீடுகளில். ஆனால் விளையாட்டு வருவதில்லை. படிப்புக்குப் பயன் உண்டு என்று சமூகத்தை நம்பவைத்தே நாம் பெண் கல்வியை வென்றெடுத்தோம். ஒரு பெண் படித்தால் ஒரு குடும்பமே படித்தது போல என்று மேடைக்கு மேடை சொன்னோம். வாதம் வென்றது. ஆனால் அந்த வாதத்துக்குள்ளேயே அவள் படிப்பைக் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்பதை அப்போது கவனிக்கவில்லை. ஓர் ஆண் படித்தால் யாருக்கு என்ன பயன் என்று யாரும் பழமொழி சொல்வதில்லை.

இதையெல்லாம் யாரையோ குற்றம்சாட்டும் தொனியில் எழுத எனக்குத் தகுதியில்லை. என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். சித்திரகவி பற்றிப் பாடம் நடத்திய வாரம், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றுத் தொடர்களைத் தானே எழுதத் தொடங்கினாள். நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க அவைதான். ‘விகடகவி’ போல ஒற்றைச் சொல் அல்ல, ஐந்தாறு சொல் நீளும் வரிகள். பாதிக்குப் பொருள் இல்லை. மீதிக்குப் பொருள் இருந்தது, அவற்றில் சில வியக்க வைத்தன. ஓய்வறைக்கு வந்து வெட்கத்தோடு காட்டினாள். நான் புரட்டிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். பிறகு, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, “இதெல்லாம் சரிம்மா, நெட் தேர்வுக்குப் படிக்கிறியா? இது எதுக்கு உதவும்?” என்று கேட்டேன்.

“சும்மாதான் மேடம்” என்றாள். நோட்டை மூடிக்கொண்டாள்.

அவள் தேர்வு எழுதினாள், தேறினாள், இப்போது வேலையில் இருக்கிறாள். என் அறிவுரை பலித்துவிட்டது. அதனால்தான் அது எனக்கு உறுத்துகிறது. அவளிடம் நான் சொன்னது பொய்யல்ல. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு வேலைதான் விடுதலை. ஆனால் இரண்டையும் சொல்லியிருக்கலாம். தேர்வுக்கும் படி, இதையும் விடாதே என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லத் தோன்றவில்லை. ‘சும்மாதான்’ என்ற அந்தச் சொல்லை நான் ஒரு மன்னிப்பாகக் கேட்டேன். ஓர் உரிமைக் கோரிக்கையாகக் கேட்டிருக்க வேண்டும்.

லண்டனிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் பெரியம்மாவிடம் கேட்டேன், அந்தக் கணக்கைப் பார்ப்பதில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று. ஏலச்சீட்டு நாட்களின் நினைவு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“இந்தக் கணக்கு யாரோடதும் இல்ல பாரு கண்ணு. தப்பாப் போனாலும் யாருக்கும் காசு கொறையாது. அதான் நல்லாருக்குது” என்றார்.

எழுபது வயதுக்கு மேல், பிற்பகல் முக்கால் மணிநேரம், அதிலும் எண் சுற்று வரும் சில நிமிடங்கள். அந்தப் பையனுக்கு 14 வயதில் கிடைத்தது, பெரியம்மாவுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. கையில் மடித்த துணி அப்போதும் இருந்தது.