அயலவர் பூனைக்கு உணவிடல்



சீவகாருணியம் நமது சமயத்துக்கு உயிராயுள்ளது. பசுவுக்கு ஒரு வாய்ப் புல்லேனும் கொடுத்தலை யாவர்க்கும் எளிய அறங்களுள் ஒன்றாகத் திருமூலநாயனார் வைத்தருளினார். காக்கைக்குப் பிடியன்னம் வையாது உண்ணாத இல்லங்கள் யாழ்ப்பாணத்திலே இன்றும் உள. ஆதலினாலே, பசித்த உயிருக்கு உணவிடலாமோ என்னும் வினா நம்மவருள் எழுதற்கே இடமில்லை. எனினும், வேலிப்பொட்டினூடே நுழைந்து, நமது அடுக்களை வாயிலிலே வந்திருந்து, நம் முகத்தைப் பார்த்து அழுகின்ற பூனை அயல்வீட்டாருடைய பூனையாயின், அதற்கு உணவிடுதல் அறமாமோ அன்றோ என்பது, சிறுவினாப்போலத் தோன்றினும், ஆராய்ந்து துணியத்தக்கதேயாம். வேலியின் பொருட்டு வழக்காடி வளவையே இழந்தார் நம்முள் உளர். பூனையோ வேலியை அறியாது.

"பசித்து வந்தது, இட்டோம், இதிலே குற்றம் யாது?" என்று வினாவுவாருமுளர். பசித்தே வந்ததென்பதை அவர் எவ்வாறு துணிந்தார்? பூனை எலி முதலிய சிற்றுயிர்களைப் பிடித்துண்ணும் இயல்பினது. ஆதலின், மாடுபோல ஒருங்கே வயிறு நிரம்பத் தின்று அசைபோட்டுக் கிடவாது, ஒருநாளிலே பலமுறை சிறிது சிறிதாக உண்ணும். தன்னில்லத்திலே உண்ட வாயை நக்கிக்கொண்டே வந்து நம்மில்லத்திலும் கேட்கும். அதன் அழுகை பசிக்குச் சான்றாகாது. நான்கு கிலோகிராம் நிறையுள்ள பூனைக்கு ஒருநாளைக்கு வேண்டுவது ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி வரையுள்ள உணவே என்பர் விலங்கு வைத்தியர். இவ்வளவையும் உடையவர் கொடுத்திருக்க, கிழக்கு வளவார் ஒரு பிடியும் மேற்கு வளவார் ஒரு கிண்ணமும் கொடுப்பாராயின், அது அளவின்றிக் கொழுத்து நீரிழிவு முதலிய பிணிகளுக்கு எளிதில் ஆளாகும். நீரிழிவுற்ற பூனைக்கு உணவுவேளையை ஒட்டி நாளிருமுறை மருந்தூசி ஏற்றுதல் இக்காலத்து வைத்தியம். அத்தகைய பூனையின் உணவளவை நாம் அறியாது மாற்றுவோமாயின், மருந்தின் அளவும் பொருந்தாதொழியும். புண்ணியமென்று இட்டது பிணிக்குத் துணையாய் முடியும்.

இனி, நாம் இடும் உணவு எத்தன்மைத்து என்பதையும் நோக்குக. சைவபோசனமுடைய இல்லத்திலே பூனைக்குக் கிடைப்பன பாற்சோறும், தயிர்ச்சோறும், குழம்பு பிசைந்த சோறுமேயாம். புலால் மறுத்தல் நன்றிது தீதிதுவென்று பகுத்தறியவல்ல மனிதனுக்கு விதிக்கப்பட்ட விரதம். பூனைக்கு அவ்விதி இல்லை. அதன் உடம்பும் அதற்கு இசையாது. ஊனிலேயுள்ள டோரீன் என்னுஞ் சத்தைப் பூனை தன்னுடம்பிலே வேண்டுமளவு ஆக்கிக்கொள்ள மாட்டாது. அது குறைந்த பூனைகள் கண்ணொளி இழத்தலை 1975ஆம் ஆண்டிலும், இருதயம் தளர்ந்து நோயுறுதலை 1987ஆம் ஆண்டிலும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரியாது, கழிச்சலுண்டாகும். வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும் நஞ்சு. நமது குழம்போ பெரும்பாலும் வெங்காயமின்றி ஆவதில்லை. உருத்திராக்கப் பூனையென்று பொய்த்தவத்தாரை இகழ்தல் நம்மவர் வழக்கு. மாமல்லபுரத்துக் கற்பாறையிலே பல்லவர் காலத்துச் சிற்பியும், முன்னங்கால்களை மேலே தூக்கித் தவஞ்செய்யும் பூனையொன்றைச் செதுக்கிவைத்தான். அப்பூனையாவது தானே வேடம் பூண்டது. நமது பாற்சோற்றுப் பூனைக்கோ நாமே வேடம் பூட்டுகின்றோம்! அங்ஙனமாயின் மீன் வாங்கி இடுவோமோ எனின், அயலவர் பூனையின் பொருட்டு நாம் அச்சங்கடத்திலே புகவேண்டுவதில்லை. அதற்கு மீனிடுவார் வேலிக்கு அப்பால் இருக்கின்றார்.

இவையெல்லாம் உடம்பைப் பற்றியன. இவற்றினும் பெரியதொன்று உண்டு. ஓரில்லத்திலே முதியாளொருத்தி தனியே வாழ்கின்றாளென்று கொள்க. நாயகர் சிவபதமடைந்தார். மக்கள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். கிழமைக்கொருமுறை தொலைபேசியிலே அவர்களுடைய குரல் கேட்கும். மற்றை நாள்களிலெல்லாம் அவள் வாய்திறந்து பேசுவது அந்தப் பூனையோடு மாத்திரமே. தனக்கொன்று சமைக்கச் சோம்பும் அவள், அதன் பொருட்டு அடுப்பு மூட்டுகின்றாள். மூட்டிய அடுப்பிலே தனக்கும் ஒருபிடி அரிசி இடுகின்றாள். பொழுது சாயுமுன் பூனையின் தட்டைத் திண்ணையோரத்திலே வைத்து அதனைக் கூவுகின்றாள். பூனை வரவில்லை. நாம் இட்ட நெய்ச்சோற்றை உண்டு, நமது சாய்மனைக் கதிரையிலே உறங்குகின்றது. ஒருநாள் வரவில்லை, இருநாள் வரவில்லை, பின்னர் நாமே அதற்கு ஒரு பெயருமிட்டு அழைக்கத் தொடங்குகின்றோம். அவளோ விளக்கேற்றிய பின்னும் படலையிலே நின்று பார்த்து, தட்டை எடுத்துக் கவிழ்த்துவைத்து, அடுப்பு மூட்டாமலே படுத்துக்கொள்கின்றாள். இங்கே நாம் ஒருயிருக்கு அன்னமிட்டோமோ, ஒருயிரின் அன்னத்தைப் பறித்தோமோ? வேலிக்கு இப்பால் நின்று பார்க்கும்போது முன்னையது தோன்றுகின்றது. அப்பால் சென்று பார்த்தாலன்றிப் பின்னையது தோன்றாது.

அற்றேல், உயிர்களெல்லாம் சிவபெருமானுடைய உடைமையே. பதியின் உடைமையாகிய பசுவை ஒருவர் 'எனது' என்றல் மமகாரமன்றோ. ஆகவே அப்பூனைக்கு நாமும் உரியோமேயெனின், அற்றன்று. எல்லா உயிரும் அவனுடைமை என்றது மெய். அவ்வாறே அயலவருடைய குழந்தையும் அவனுடைமையே. அதுபற்றித் தாயறியாமல் அக்குழந்தையை நாடோறும் அழைத்து ஊட்டி, தாயின் கைச்சோற்றை அது வெறுக்கும்படி செய்வார் உண்டோ? உடைமை இறைவனுடையது, காவல் இன்னாருடையது. காவலை ஏற்றவர் அவ்வுயிரின் பிணிக்கும் மூப்புக்கும் மருந்துச்செலவுக்கும் பொறுப்பாளராய் நிற்கின்றார். நாமோ அதன் வாலாட்டத்தை மாத்திரம் விரும்பி நிற்கின்றோம். பிறர் பூனையை உணவு காட்டி மருவச்செய்தல் களவெனப்படுமோவென்று கேட்பின், களவென்று துணிந்து கூறுதற்கு நாம் கூசுகின்றோம். களவினின்று வெகுதூரமென்று கூறுதற்கும் கூசுகின்றோம்.

பிறருடைய விலங்கின்மேல் இரக்கமுற்ற பெரியாரொருவர் செய்தது யாதென்று திருத்தொண்டர் புராணத்திலே காண்க. சேய்ஞலூரிலே, ஆயனொருவன் பசுவை அடித்தலைக் கண்டு பொறாத விசாரசருமர், அப்பசுக்களைத் தாமே கவர்ந்துகொண்டு சென்றிலர். ஆயனை விலக்கி, நிரை மேய்த்தலைத் தாம் ஏற்றலை உடையவர்களாகிய அந்தணர்கள் இசைய, அதன் பின்னரே மண்ணியாற்றங்கரையிலே மேய்த்தனர். முன்பு இரக்கம்; அதன் பின் உடையவரது இசைவு; அதன் பின்னரே செயல். "அவர் பிறர் பசுக்களின் பாலை உடையவரைக் கேளாது சிவாபிடேகத்துக்கு உபயோகித்தாரே" என்று தடைநிகழ்த்துவார்க்கு விடை: அப்பசுக்கள் கறவாமலே தாமாகச் சொரிந்தன, உடையவர் இல்லங்களிலே பால் குறைந்ததுமில்லை. அன்றியும், சண்டேசுரப்பதம் பெற்றவருடைய அன்பின் மேலீட்டை, பூனைக்குப் பாற்கிண்ணம் வைக்கும் நம்மனோர் தமக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளுதல் சிறிது மிகையேயாம்.

ஆகையால், செய்யத்தக்கது யாது? மிக எளிது. படலையடியிலே சென்று, "ஆச்சி, உங்கள் பூனை நாடோறும் எங்கள் வீட்டுக்கு வருகின்றது, ஏதாவது கொடுக்கலாமோ?" என்று கேட்டலேயாம். இச்சிறு கேள்வியைக் கேட்பதற்கு வெட்கி, ஆண்டுகணக்காக ஒளித்து ஒளித்து உணவிடுவார் உளர். வேலிச்சண்டையால் பேச்சற்ற இரண்டு வீடுகளுக்கிடையே போக்குவரவு செய்யும் உயிர் அப்பூனை ஒன்றேயாயின், கேட்டற்கு அதனினும் நல்ல காரணம் கிடையாது. கேட்டபின் அவர், "சாயங்காலத்திலே கொடாதீர்கள், காலையிலே சிறிது கொடுங்கள்" என்பார். அல்லது, "அதற்கு வயிற்றுநோய், ஒன்றும் கொடாதீர்கள்" என்பார். அல்லது, நாம் அதுகாறும் அறியாத தம்முடைய நோயைச் சொல்வார். பூனையின் பேச்சு அவ்வளவில் நின்றுவிடும்.

பூனை மெய்யாகவே பட்டினி கிடந்தால் வேறு. விலா எலும்பு தோன்ற மெலிந்து, மயிர் உதிர்ந்து, குரலும் எழாது வந்து விழுமாயின், அப்பொழுது கேள்வி முன்னும் உணவு பின்னும் ஆகா. முதலிலே இடுக, பின்பு அறிவிக்குக. உடையவர் இருந்தும் ஊட்டாதுவிடின், அவருக்கு வறுமையோ பிணியோ நேர்ந்ததோவென்று உசாவுக. பூனை மெலிந்த வீட்டிலே மனிதரும் மெலிந்திருத்தல் கூடும்.

உடையவரே இல்லாத வீடுகளும் நம்நாட்டிலே பல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் தேதி வலிகாமத்துச் சனங்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபொழுது, கையிலே எடுக்கத்தக்கவற்றையே எடுத்தார்கள். வளர்த்த நாயையும் பூனையையும் விட்டுச்சென்றார் பலர். அந்நாளிலே படலையிலே நின்று கேட்டற்கு ஒருவருமில்லை. இந்நாளிலும் கடல்கடந்து சென்றாருடைய பூட்டிய வீடுகளின் திண்ணைகளிலே பூனைகள் குட்டியீனுகின்றன. அவற்றை அயலவர் பூனையென்று சொல்லி விலகுதல், காவலற்றதற்குக் காவலுண்டென்று பொய்கூறுதலேயாம். அவற்றுக்கு உணவிடத் தொடங்குவோர் காவலையும் ஏற்றல் வேண்டும். நீர்வெறுப்பு நோய் நாயினால் மாத்திரமன்றிப் பூனையினாலும் வருமாதலால் அதற்குரிய தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏற்றுவிக்க வேண்டும். குட்டிகள் அளவின்றிப் பெருகித் தெருவிலே மடியாதபடி கருத்தடையும் செய்விக்க வேண்டும். அவ்விடத்திலே, சைவபோசனமுடையார் மீன் வாங்குதலைப் பற்றிய சங்கடம் மெய்யாகவே எழும். அவ்வுயிரைக் காக்க ஏற்றவர் அதற்குரிய உணவைக் கொடுத்தே ஆகவேண்டுமென்பது நமது துணிபு. தம் கையினால் அதனைத் தொட இசையாதவர், இசைவார் ஒருவரிடத்திலே அப்பூனையை ஒப்புவித்துச் செலவைத் தாம் கொடுக்கலாம்.

உடையவர் வேண்டாமென்று சொல்லியபின்னரும் பூனை வந்துகொண்டே இருக்கும். வாயிலிலே இருந்து நாலைந்து நாள் அழும். அப்பொழுது அடுக்களைக் கதவைச் சாத்துதல் கொடிதுபோலத் தோன்றும். பிள்ளைகள் நம்மைக் கல்நெஞ்சரென்பர். சாத்துக. முற்றத்து வேம்பின் கீழே ஒரு சிரட்டையிலே தண்ணீர் வைத்தலை எந்த அயலவரும் மறுக்கமாட்டார். வெயிற்காலமாயின், பூனை குடித்த மிச்சத்தைக் காகமும் அணிலும் வந்து குடித்துப்போகும்.