கூட்டுப் பணியும் பொறுப்பும்

பொதுச் சுகாதாரத்தில் பல அமைப்புகள் சேர்ந்து இயங்கும்போது எழும் அடிப்படைக் கேள்வி அறத்தைச் சார்ந்தது: வேலையைப் பலர் பங்கிட்டுக்கொண்டால் அவரவர் பொறுப்பும் அந்த அளவுக்குக் குறையுமா?

சென்னையில் பேசின் பிரிட்ஜ் அருகே ஓட்டேரி நல்லா என்ற ஓடை பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. கால்வாய் நீர்வளத் துறையுடையது. மழைநீர் வடிகால், குப்பை, கொசு ஒழிப்பு மாநகராட்சியின் வேலை. கழிவுநீர் 1978-இல் அமைந்த குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. ஆலைக் கழிவைக் கண்காணிப்பது 1982-இல் உருவான மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு தேங்கிய சாக்கடையில் பெருகும். அது பெருகினால் நான்கு அலுவலகங்களும் தத்தம் கோப்பின்படி குற்றமற்றவையாக இருக்கலாம். கடிபடுபவருக்கு அந்தப் பாகப்பிரிவினையால் பயனில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என நான்கு கூறாகக் காண்கிறது. நோயாளியும் இங்கே ஒரு கூறு. நான்கில் எது இல்லாவிட்டாலும் மருத்துவம் நிறைவதில்லை. வேலையைப் பிரிக்கலாம், நலத்தைப் பிரிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பங்காளியும் தன் பகுதிக்கு மட்டுமன்றி முழுப் பலனுக்கும் கடமைப்பட்டவர்.

பொதுமக்களும் இத்தகைய பங்காளிகளே. 2020 கோடையில் சென்னையின் ராயபுரம் மண்டலம் கொரோனாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மாநகராட்சி தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம் நடத்தியது. தன்னார்வலர்களும் வீடு வீடாகச் சென்று விசாரித்தனர். தெரிந்த முகம் கேட்டால்தான் மக்கள் காய்ச்சலை மறைக்காமல் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை அரசாணையால் உண்டாக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் படகில் சென்று அதைக் கையால் அள்ளினார்கள். இப்படி உழைப்பவர்களுக்கு முடிவெடுப்பதிலும் இடம் வேண்டும். இல்லையென்றால் அது கூட்டு ஆகாது, வேலைக்கு ஆள் எடுப்பதுதான்.

எல்லாருக்கும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள் என்ற மறுப்பு நியாயமானதே. அதனால்தான் எந்த வேலை யாருடையது, எந்த நாளுக்குள் முடிய வேண்டும், தவறினால் முதலில் பதில் சொல்பவர் யார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். சுகாதாரக் கேட்டை அகற்றும் அதிகாரத்தை 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளாட்சிக்குத் தந்திருக்கிறது. முதலில் பதில் சொல்ல வேண்டியதும் உள்ளாட்சியே. மற்ற துறைகளின் கடமை அதனால் குறைவதில்லை.