கிடை போடும் நேரம்

இரவு பதினொன்றே முக்கால். மடிக்கணினியின் விசிறி இரைந்துகொண்டிருக்கிறது. திரையிலோ ஒன்றும் நடக்கவில்லை. என் கேமின் முகப்பு மட்டும்தான்: தரிசு நிலம், ஒரு வேலமரம், ‘தொடங்கு’ என்ற சொல். எதுவுமே அசையாத படத்துக்கு இத்தனை சூடு எதற்கு என்று தேடினேன். ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு போட மறந்திருக்கிறேன். வரம்பு இல்லாவிட்டால் கிராபிக்ஸ் கார்டு தன்னால் முடிந்த மட்டும் ஓடும். அதே மரத்தை, அதே நிலத்தை, நொடிக்கு எழுநூறு தடவைக்கு மேல் வரைந்து தள்ளியிருக்கிறது. என் திரை நொடிக்கு அறுபதுக்கு மேல் காட்டாது. மீதி வரைந்ததெல்லாம் சூடாகிப் போனது.

60 என்று எழுதினேன். ஒரு ஃப்ரேமுக்குப் பதினாறு மில்லிநொடியும் கொஞ்சமும். அதற்குள் விசைப்பலகையைக் கேட்க வேண்டும், கேமில் வரும் ஆடுகளை நகர்த்த வேண்டும், வரைய வேண்டும். ஆறில் வேலை முடிந்தால் மீதிப் பத்தில் இயந்திரம் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதையும் நாம்தான் எழுதி வைக்க வேண்டும், தானாக வராது.

ஒரு நிமிடத்தில் விசிறி அடங்கியது. அதற்கப்புறம்தான் வெளியே சில்வண்டுச் சத்தம் கேட்டது. எத்தனை நாளாகக் கேட்காமல் இருந்தேனோ. நோட்டை எடுத்தேன்.

*

களைப்பு வேறு, அலுப்பு வேறு, சலிப்பு வேறு. களைப்பு உழைத்த உடம்புக்கு வருவது. சோறும் தூக்கமும் கொடுத்தால் போய்விடும். அலுப்பு நெடும்பயணம் போய் வந்தவனுக்கு. வெந்நீரில் குளித்தால் பாதி தீரும். சலிப்பைத் தூக்கம் தொடுவதில்லை.

போன ஐப்பசியில் எனக்கு வந்தது சலிப்பு. நான் களைப்பு என்று எண்ணி சனி, ஞாயிறு முழுக்கத் தூங்கினேன். திங்கள் இரவு ப்ராஜெக்டைத் திறந்தால் கை எதன்மேலும் போகவில்லை. பட்டனின் நிறத்தை மாற்றினேன். மறுபடி பழைய நிறத்துக்கே கொண்டுவந்தேன். பதினோரு இரவுகள் அந்தப் பட்டனோடு போயின. பிறகு ஆடுகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நானே புள்ளி புள்ளியாக வரைந்த ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் காது மடிந்திருக்கும் விதம் வேறு. நண்பன் ஒருவன் விளையாடிப் பார்த்துவிட்டு “நல்லாயிருக்குடா” என்றான். பொய் சொல்கிறான் என்று தோன்றியது. அவன் பொய் சொல்கிறவன் அல்ல. அங்கேதான் எனக்குப் பயம் வந்தது.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் ‘பர்ன் அவுட்’ என்கிற இந்த வேலைச் சலிப்புக்கு விளக்கம் கொடுத்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்வதில் ஒன்றும் தேறவில்லை என்ற எண்ணம். நோய் என்று அதைச் சொல்லவில்லை. வேலை சார்ந்த நிலை என்றது. மூன்றையும் படித்தபோது என் ஐப்பசி மாதத்தை யாரோ பக்கத்திலிருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

அதைவிட என்னை நிறுத்தியது இந்தச் சொல் ஆய்வுக்குள் வந்த கதை. ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் நியூயார்க்கில் ஒரு மனநல நிபுணர். பகலெல்லாம் தன் சொந்த நோயாளிகளைப் பார்க்கும் வேலை. மாலையில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையில் சம்பளமில்லாத தொண்டு. அங்கே வேலை செய்தவர்களையும், அவர்களில் ஒருவரான தன்னையும் பார்த்துத்தான் 1974-இல் பர்ன் அவுட் பற்றிய தன் கட்டுரையை எழுதினார். கட்டாயத்தால் வந்தவர்களைப் பற்றி அல்ல. யாரும் கூப்பிடாமல், தாங்களாகவே விரும்பி வந்தவர்களைப் பற்றி.

விருப்பமான வேலை களைப்புத் தராது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். இப்போது அப்படி நினைக்கவில்லை. பகலில் ஒரு நிறுவனத்துக்குச் சம்பள வேலை செய்கிறேன். ஆறு மணிக்கு மேல் அங்கே யாராவது வேலை சொன்னால் கோபம் வரும். அந்தக் கோபமே ஒரு வரப்பு, என்னைக் காப்பாற்றுகிறது. இரவில் என் கேமில் உட்கார்ந்தால் யார்மீது கோபப்படுவது? ஆசைக்கு மணி தெரியாது.

*

எரிக் பரோனைப் பற்றி இன்று மறுபடி யோசித்துக்கொண்டிருந்தேன். தனியாக கேம் செய்கிற எல்லோரும் எப்போதாவது அவரை நினைத்துக்கொள்கிறோம். 2011-இல் கணினிப் படிப்பை முடித்தார், வேலை கிடைக்கவில்லை. கோடு எழுதிப் பழகலாம் என்று, சிறு வயதில் விளையாடிய ‘ஹார்வெஸ்ட் மூன்’ போல ஒரு விவசாய கேமை ஆரம்பித்தார். சில மாதத்தில் முடித்துவிடலாம் என்ற கணக்கு. நாலரை வருடம் ஆனது. கோடு, ஓவியம், இசை, வசனம் எல்லாம் அவர் ஒருவரே. வாரம் ஏழு நாளும், நாளுக்குப் பத்து மணி நேரமும் அதற்கு மேலும். வரைந்த முகங்களைத் திரும்பத் திரும்ப அழித்து வரைந்தார். 2016 பிப்ரவரி 26-இல் ‘ஸ்டார்டியூ வேலி’ வெளியானது. இரண்டு மாதத்தில் பத்து லட்சம் பேர் வாங்கினார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பத்து மணி நேரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சியாட்டிலில் உள்ள பாரமவுண்ட் தியேட்டரில் மாலை வேளைகளில், வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை பார்த்தார் என்பதும், உடன் வாழ்ந்த தோழியின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது என்பதும் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. ஒருவர் நாலரை வருடம் தாங்கினார் என்றால் அவரை இன்னொருவர் தாங்கியிருக்கிறார். ‘தனியாக’ என்ற சொல்லை இப்போதெல்லாம் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். எனக்குச் சோறு போட்டு மூடி வைப்பது அம்மா.

ஆனால் இன்று நான் எழுத நினைத்தது அந்த கேமுக்குள்ளே இருக்கும் ஒன்றை. அதில் விவசாயிக்கு 270 அளவு சக்தி கொடுத்திருப்பார். மண்ணைக் கொத்தினால் குறையும், தண்ணீர் ஊற்றினால் குறையும், மரம் வெட்டினால் குறையும். பூஜ்யத்தைத் தொட்டால் நடை தளர்ந்துபோகும். மறுநாள் எழுந்தாலும் முழுச் சக்தி இருக்காது. காலை ஆறு மணிக்கு நாள் தொடங்கும். நம் கடிகாரத்தில் ஒரு நாள் ஏறக்குறைய 14 நிமிடம். நள்ளிரவு தாண்டிப் படுத்தால் மறுநாள் அதற்கு விலை உண்டு. இரண்டு மணி வரை படுக்காவிட்டால் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்துவிடுவான்.

இன்னொன்றும் உண்டு. கணினியில் அந்த கேமை நினைத்த நேரத்தில் சேவ் செய்ய முடியாது. விவசாயி வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுக்க வேண்டும். படுத்தோ விழுந்தோ நாள் முடிந்தால்தான் அன்றைய உழைப்பு பதிவாகும். நாள் முழுக்கக் கொத்தி நட்டுவிட்டு, படுக்கப் போகாமல் விளையாட்டை மூடினால் அந்த நாள் நடக்கவே இல்லை.

நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்த மனிதர் எழுதி வைத்த விதி இது. எந்த மனநிலையில் எழுதினார் என்று எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. விளையாட்டின் தாளத்துக்காகவே எழுதியிருக்கலாம். ஆனாலும் இரவு ஒன்றரைக்கு அந்த விவசாயி வீட்டை நோக்கி ஓடும்போது, ஓட்டுகிற என் விரல்களும் பதறியிருக்கின்றன. பொம்மை மனிதனின் தூக்கத்துக்காகப் பதறிவிட்டு, நான் நாலு மணிக்குப் படுத்த இரவுகள் இருக்கின்றன.

*

ஜப்பானில் டைசுகே அமாயா ‘கேவ் ஸ்டோரி’ என்ற கேமை ஓய்வு நேரத்தில் ஐந்து வருடம் செய்து, 2004 டிசம்பரில் இலவசமாகக் கொடுத்துவிட்டார். அந்த ‘ஓய்வு நேரத்தில்’ என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஃபில் ஃபிஷ் ‘ஃபெஸ்’ கேமோடு ஐந்து வருடம் போராடி 2012-இல் வெளியிட்டார். மறு வருடம் அதன் இரண்டாம் பாகத்தை அறிவித்து, அடுத்த மாதமே கைவிட்டு விலகினார். ஹனோயின் டாங் நுயென் ‘ஃப்ளாப்பி பேர்ட்’டைச் சில நாட்களில் செய்தவர். அது உலகமெல்லாம் ஓடியபோது அவருக்குத் தூக்கம் போயிற்று. 2014 பிப்ரவரியில் தன் கையாலேயே அதைக் கடையிலிருந்து இறக்கினார். முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். இவர்கள் இருவரையும் நினைத்தால் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. முடிப்பதற்கு முன்பே தூங்கத் தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

*

ஒரு நாள் அம்மா கோதுமை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையில் தவிடு நின்றது. சலிப்பதும் சலிப்பும் ஒரே ஒலிதான் என்பது அப்போது உறைத்தது. அன்று மாலையே உட்கார்ந்து என் கேமின் திட்டத்தைச் சலித்தேன்.

என் கேமில் ஒரு கீதாரி ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் போகிறார். வழியில் ஏழு ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் அறுவடை முடிந்த வயலில் மந்தையை இரவு பட்டியில் அடைத்துக் கிடை போட வேண்டும். ஏழில் இரண்டுதான் இரண்டு வருடத்தில் முடிந்திருந்தன. அன்று நான்கை எடுத்தேன். சந்தை, மழை வெள்ளம், திருடன் எல்லாம் போயின. வலித்தது, திருடனுக்கு நல்ல இசை எழுதியிருந்தேன். மூன்று ஊர் மிஞ்சியது.

அப்போது துணையாக நினைத்துக்கொண்டது ‘வெண்பா’ என்ற கேமை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ் அம்மா, சிதைந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, சில பலகாரங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மறு வருடம் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் முதற்பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டாவும் அதற்குக் கிடைத்தன. பரிசு இருக்கட்டும். புட்டு சரியாக வராமல் நான் அந்த நோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த சில நிமிடங்கள் என்னிடம் இன்னும் இருக்கின்றன. சின்னதாக இருந்ததால் குறைந்துபோனதாகத் தோன்றவில்லை.

*

இப்போதெல்லாம் பத்தரைக்கு மூட முயல்கிறேன். வாரத்தில் நான்கு நாள் முடிகிறது. அடுத்து என்ன எழுத வேண்டும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடுவது நல்லது. முழுக்க முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெறும் சுவரின் முன் உட்கார வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. முதல் இரண்டு ஞாயிறு கை நடுங்காத குறை. மூன்றாவது ஞாயிறு, கண்மாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாதமாகப் பிடிபடாத பக் எங்கே இருக்கிறதென்று சும்மா தெரிந்தது. ஓடிப்போய்த் திறக்கவில்லை. திங்கள் வரை வைத்திருந்தேன்.

*

இன்று செய்தது.

மந்தையின் நடைக்கு கிரெய்க் ரேனால்ட்ஸ் 1987-இல் வெளியிட்ட மூன்று விதிகளைத்தான் வைத்திருக்கிறேன். பக்கத்து ஆட்டின்மேல் முட்டாதே. பக்கத்து ஆடு போகும் திசையில் போ. கூட்டத்தை விட்டு விலகாதே. அந்த மூன்றிலேயே நூறு ஆடுகள் உயிரோடு நகர்வதுபோல் ஆகிவிடும்; பறவைக் கூட்டத்துக்கும் அதே விதிதான். ஆனால் என் ஆடுகள் இரவில் பட்டிக்குள் வந்த பிறகும் நடந்துகொண்டே இருந்தன. விடிய விடிய ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு. அவற்றுக்கு நான் எழுதியிருந்த நிலைகள் மூன்று: மேய்தல், நடத்தல், மிரண்டு ஓடுதல். படுப்பது என்ற ஒன்றையே நான் எழுதவில்லை. இரண்டு வருடமாக.

தாத்தா கீதாரியாக இருந்தவர். கிடை போட்ட இரவுகளில் சின்ன வயதில் அவரோடு தங்கியிருக்கிறேன். பட்டிக்குள் வந்த ஆடு உடனே தூங்காது. முன்னங்காலை மடக்கிப் படுத்து, பகலில் அவசரமாக விழுங்கியதை மேலே கொண்டுவந்து மெல்ல ஆரம்பிக்கும். நூறு வாய்கள் மெல்லும் சத்தம் இருட்டில் மழை போலக் கேட்கும். “அசைபோடலைன்னா தின்னது உடம்புல ஒட்டாதுய்யா” என்பார் தாத்தா. காலையில் பட்டியைப் பெயர்த்துப் பக்கத்து இடத்தில் போடுவார்கள். படுத்துக் கிடந்த இடம் உரமாகியிருக்கும். வயல்காரர் கூலி கொடுப்பது அந்த இரவுக்குத்தான். பகல் மேய்ச்சலுக்கு அல்ல.

நான்காவது நிலையை எழுதினேன். இருட்டினால், பட்டிக்குள் இருந்தால், பக்கத்தில் ஏதாவது ஓர் ஆடு படுத்திருந்தால், நீயும் படு. படுத்தால் அசைபோடு. தாடை அசைவுக்கு நான்கு ஃப்ரேம் வரைந்தேன்.

ஓட்டிப் பார்த்தேன். கிழட்டு ஆடு ஒன்று முதலில் படுத்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு நீர் பரவுவதுபோல் மந்தை முழுக்கத் தாழ்ந்தது. ஒரு குட்டி மட்டும் பட்டியின் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லாததால் இருக்கலாம். தூரத்தின் அளவைக் கூட்டினால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை.

“ஏய்யா, இன்னும் படுக்கலையா?” என்று உள்ளிருந்து அம்மாவின் குரல்.

நோட்டில் எழுதுகிறேன்: குட்டி படுக்கவில்லை. நாளைக்கு.