மறைப்பதெல்லாம் பொய்யா?

நாளேட்டின் குறுக்கெழுத்துக் கட்டங்களோடு மல்லாடியதுண்டா? 1913இல் நியூயோர்க் நாளேடொன்றில் பிறந்த இவ்விளையாட்டிற் பின்னர் பூடகக் குறிப்புகளும் புகுந்தன. இதோ ஒன்று: ‘வா, விருந்தின் தொடக்கத்தில் மீன் பாடுமிடம்’ (இரண்டெழுத்து).

மனம் பந்திக்கும் மீன்குழம்புக்கும் ஓடும். ஆனால் ‘வா’வோடு விருந்தின் முதலெழுத்தைச் சேருங்கள்: நம் வாவி!

குறிப்பை அமைத்தவர் நம்மைத் திசைதிருப்பினார். அதனால் அவர் பொய்யரா? அல்லர். விடைக்கு வேண்டிய அனைத்தையும் நம் கையிலேயே தந்துவிட்டார். குறிப்பு நேர்மையாக இருத்தல் வேண்டுமென 1966இல் இக்கலைபற்றி நூலெழுதிய ஆங்கிலேயர் மக்நட் வற்புறுத்தினார். ஆகவேதான் விடை கண்டபின் ஒவ்வொரு குறிப்பையும் பிரித்து, ‘இது நியாயமா?’ என நிறுத்துப் பார்ப்போரும் உளர். வேடிக்கைப் பேச்சைப் புனித அகுஸ்தீனாரும் பொய்யெனக் கொள்ளவில்லை. கேட்பவரும் அது வேடிக்கையென அறிவாரன்றோ?

நம் பேச்சை நிறுத்துப் பார்ப்போமா? கடன் கேட்டு வந்தவரிடம், “கையில் காசில்லை” என்கிறோம். காசு அலுமாரியில் இருக்கிறது! சொல் மெய், நோக்கம் பொய். புதிர் அமைப்பவர் நாம் கண்டுபிடிக்கவேண்டுமென்றே மறைக்கிறார். நாமோ அயலவர் ஒருபோதும் கண்டுபிடிக்கலாகாதென்று மறைக்கிறோம்.

நாளை விடையை வெளியிட அஞ்சுபவன், இன்று புதிர் போடவில்லை, பொய்யே சொல்கிறான்.